விமானியின் விடுப்பு: அமெரிக்க வான்பணியில் பெற்றோர் உரிமை வளர்ந்த கதை

விமானி பணிக்கு வராத நாட்களைச் சமாளிப்பது அமெரிக்க விமான நிறுவனங்களுக்குப் பழகிப்போன வேலை. அவர்களுடைய விமானிகளில் கணிசமானோர் படையிலிருந்து வந்தவர்கள். பலர் ரிசர்வ் படையில் நீடிப்பதால் அழைப்பு வந்தால் மாதக்கணக்கில் போய்விடுவார்கள். 1994ஆம் ஆண்டின் படைப்பணியாளர் மறுவேலைச் சட்டம், பொதுவாக மொத்தம் ஐந்தாண்டு வரை அப்படி விலகியிருந்தவருக்கும் பழைய வேலையைத் திருப்பித் தரச் சொல்கிறது. அவர் இடைவிடாமல் பணியில் இருந்திருந்தால் எட்டியிருக்கும் பணிமூப்போடு அதைத் தர வேண்டும். மருத்துவச் சான்று தற்காலிகமாக நிறுத்தப்பட்டவர், முதுகு அறுவைக்குப் படுத்தவர் எல்லோருக்கும் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. முந்தைய 90 நாட்களில் மூன்று முறை ஏறி இறங்காதவர் பயணிகளை ஏற்றிப் பறக்கக் கூடாது. அதற்கும் வழி இருக்கிறது: சிமுலேட்டரில் உட்கார வைத்து, சோதித்து, மறுபடி பணிப்பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் ஏற்பாடு செய்யத் தெரிந்த தொழிலுக்குப் பிள்ளைப்பேறு மட்டும் தீராத சிக்கலாகத் தோன்றியது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பணிக்கு வராமை ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை என்பது என் வாதம். வராதவர் யார் என்பதை வைத்தே விதிகள் எழுதப்பட்டன.

தொடக்கத்தில் இந்தக் கேள்வி எழவே இடம் இருக்கவில்லை. 1934ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்ட்ரல் ஏர்லைன்ஸின் துணை விமானியாக வாஷிங்டனிலிருந்து டெட்ராய்ட்டுக்குப் பறந்தார் ஹெலன் ரிச்சி. ஆண் விமானிகளின் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓராண்டு முடிவதற்குள் அவர் வேலையை விட்டார். அதன்பின் பெரிய பயணிகள் விமான நிறுவனங்களின் விமானி அறைக்கதவு பெண்களுக்கு ஏறக்குறைய நாற்பதாண்டு மூடியே கிடந்தது.

அதைத் திறந்தவர் டென்வரில் பறப்புப் பயிற்சியாளராக இருந்த எமிலி ஹௌவெல். ஏழாயிரம் மணி நேரப் பறப்பு அனுபவம் அவருக்கு இருந்தது. அவரிடம் பயின்ற ஆண்கள் ஒவ்வொருவராக விமான நிறுவனங்களில் சேர்ந்துகொண்டிருக்க, அவர் விண்ணப்பம் மட்டும் கோப்பில் உறங்கியது. 1973 ஜனவரியில் ஃப்ரன்டியர் ஏர்லைன்ஸ் அவரை எடுத்தது. அப்போதே அவர் ஒரு மகனுக்குத் தாய். 1974இல் விமானிகள் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார், 1976இல் கேப்டன். அவருடைய சீருடை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைக்கு எடுத்த நிறுவனம், வேலையில் இருக்கும்போது கருவுற்றால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

அந்த யோசனையை வாய்விட்டுச் சொன்னது ஆஸ்திரேலியாதான். மெல்பர்னைச் சேர்ந்த டெபோரா வார்ட்லியும் பயிற்சியாளர். அவரிடம் கற்றவர்கள் தேர்வாக, ஆன்செட் நிறுவனம் அவரை மட்டும் ஒதுக்கியது. விக்டோரியா மாநிலத்தின் சமவாய்ப்புச் சட்டத்தின்கீழ் அவர் வழக்காடியபோது, உடல் வலு, மாதவிடாய், சங்கத்தின் எதிர்ப்பு ஆகியவற்றோடு பிள்ளைப்பேற்றையும் நிறுவனம் ஒரு காரணமாக அடுக்கியது: கர்ப்பம் வரும், பணி தடைபடும், பயிற்சிக்குப் போட்ட பணம் வீணாகும். 1979இல் சமவாய்ப்பு வாரியம் இதை ஏற்கவில்லை. 1980 ஜனவரி 22 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து டார்வினுக்குச் சென்ற ஃபோக்கர் விமானத்தில் அவர் துணை விமானியாக அமர்ந்தார். அதே ஆண்டு மார்ச்சில் நாட்டின் உயர் நீதிமன்றமும் ஆன்செட்டின் மேல்முறையீட்டைத் தள்ளியது. மற்ற நிறுவனங்கள் மனத்துக்குள் போட்டுவைத்த கணக்கை நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்த வகையில், ஆன்செட்டுக்கு வரலாற்று ஆய்வாளர்கள் நன்றி சொல்லலாம்.

இந்தியாவிலும் அதே காலத்தில்தான் இது நீதிமன்றம் ஏறியது, ஆனால் விமானிகளின் பெயரால் அல்ல. முதல் முறை கருவுற்றதும் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் ஏர் இந்தியா விதியை நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981 ஆகஸ்டில் ரத்து செய்தது. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணம் செய்யக் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு விட்டுவைத்தது.

அமெரிக்காவில் சட்டத்தின் போக்கு கோணல்மாணலானது. கர்ப்பத்தை நோய்க்காப்புத் திட்டத்திலிருந்து விலக்குவது பாலினப் பாகுபாடு ஆகாது என்று ஜெனரல் எலக்ட்ரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்னது. அதை மாற்ற நாடாளுமன்றம் 1978இல் கர்ப்பகாலப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வேலை செய்ய இயலாத மற்றவர்களை எப்படி நடத்துகிறீர்களோ அப்படியே கர்ப்பிணியையும் நடத்துங்கள் என்பது அதன் சாரம். இதில் விடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் தராத நிறுவனம் கர்ப்பிணிக்கும் ஒன்றும் தராமல் இருக்கலாம். வான்பணியில் பாதுகாப்பு என்ற வாதம் வேறு குறுக்கே நின்றது. கருவுற்றது தெரிந்ததும் பணிப்பெண்ணைக் கட்டாய விடுப்பில் அனுப்பிய பான் ஆம் விதியை ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் ஏற்றது. அதே ஆண்டு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் வழக்கில் இன்னொரு நீதிமன்றம், முதல் 13 வாரங்களுக்கு அந்த விதிக்கு நியாயமில்லை என்றது.

மருத்துவத்தை எடுத்துக்கொண்டால் நிலை இவ்வளவு குழப்பமானதல்ல. சிக்கலற்ற கர்ப்பம் என்றால் மருத்துவக் கண்காணிப்போடு 12ஆம் வார முடிவிலிருந்து 26ஆம் வார முடிவு வரை பறக்கலாம் என்பது பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. இயல்பான கர்ப்பம் தகுதியிழப்புக்குக் காரணமாகாது என்பது அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் நிலை. வானில் கதிரியக்கம் கூடுதல் என்பதால் கருவுக்கு மொத்தம் 1 மில்லிசீவர்ட், எந்த ஒரு மாதத்திலும் அரை மில்லிசீவர்ட் என்ற உச்ச அளவையும் அது பரிந்துரைக்கிறது. ஆக, எந்த வாரத்தில் தரையிறக்குவது என்ற முடிவு நிறுவனத்தின் கையில் விழுந்தது. தரையிறக்கிய பின் அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதும் அங்கேதான் தீர்மானமானது.

1993இல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் முதன்முறையாகத் தாய்க்கும் தந்தைக்கும் ஒன்றுபோல 12 வார விடுப்பு கொடுத்தது. சம்பளம் கிடையாது, ஆனால் வேலை போகாது. விமானிகளில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால் இந்த ‘தந்தைக்கும்’ என்ற சொல்லின் எடை மற்றத் தொழில்களைவிட இங்கே அதிகம். பின்னாளில் சங்கங்களின் பேரப்பட்டியலில் பெற்றோர் விடுப்பு ஏறியதற்கு, பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போக விரும்பிய ஆண் விமானிகளும் காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சட்டத்தில் ஒரு கண்ணி இருந்தது. முந்தைய 12 மாதங்களில் 1,250 மணி நேரம் வேலை செய்தவருக்கே விடுப்பு. விமானிக்குச் சம்பளமும் கணக்கும் பெரும்பாலும் பறப்பு நேரத்தை வைத்து. ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது அரசின் பாதுகாப்பு விதி. அந்த உச்சம் வரை பறந்தவரும், பறப்பை மட்டும் எண்ணினால், அரசின் இன்னொரு சட்டம் கேட்கும் நேரத்தை எட்ட முடியாது. விமான நிலையத்தில் காத்திருந்த நேரமும் வெளியூர் ஹோட்டலில் கழித்த இரவுகளும் கணக்கில் சேருமா என்று வழக்குகள் நடந்தன. எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. இந்த முரண்பாட்டைத் திருத்தப் பதினாறு ஆண்டு பிடித்தது. 2009 டிசம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டம், வான்பணியாளருக்குத் தனி அளவுகோல் வைத்தது: 504 மணி நேரமும், மாத உத்தரவாத நேரத்தில் 60 விழுக்காடும் போதும். 2013இல் வந்த நடைமுறை விதிகள் விடுப்பை 72 நாட்கள் என்று வரையறுத்தன. மேடையில் முழக்கமிடத் தோதில்லாத திருத்தம். ஆனால் விமானிகளின் பெற்றோர் விடுப்பு வரலாற்றில் இதைவிட முக்கியமான தேதி இல்லை என்பேன்.

அடுத்த கட்டம் மறுபடி டென்வரில். ஹௌவெலை எடுத்த பழைய ஃப்ரன்டியர் 1986இல் மூடப்பட்டது. அதே பெயரில் 1994இல் பறக்கத் தொடங்கிய புதிய நிறுவனத்தின் மீது 2016இல் நான்கு பெண் விமானிகள் சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். பேறுக்கு எட்டுப் பத்து வாரம் முன்பே கட்டாயமாகச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்புகிறார்கள், பிறந்த பின் தரும் 120 நாளுக்கும் சம்பளமில்லை, திரும்பி வந்தால் தாய்ப்பால் எடுக்க வசதியில்லை என்பவை குற்றச்சாட்டுகள். 2019 டிசம்பரில் விமானிகளும் பணிப்பெண்களும் தனித்தனியே வழக்குத் தொடர்ந்தனர். 2023 டிசம்பரில் விமானிகள் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பறப்பின் நெருக்கடியற்ற கட்டங்களில் விமானி அறையிலேயே தாய்ப்பால் எடுக்கலாம். பாலூட்டும் விமானி மாதப் பறப்பை 50 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தால் மருத்துவச் சான்று நிற்குமானால் மற்ற உடல்நலக் காரணங்களைப் போலவே அதையும் நடத்த வேண்டும். இது சமரசம் மட்டுமே. நிறுவனம் தவறிழைத்தது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை.

மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். 1978இல் சட்டம் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு நிறுவனத்தின் பணிவிதிக்கு அது வந்து சேர 45 ஆண்டு ஆகியிருக்கிறது.

அமெரிக்காவில் தனியார் துறை ஊழியருக்குச் சம்பளத்தோடு பெற்றோர் விடுப்பு தரும் கூட்டாட்சிச் சட்டம் இன்றும் இல்லை. இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு பேறுகளுக்குத் தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு கிடைக்கிறது. தனியார் நிறுவனத்தில் இருக்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. அமெரிக்க விமானிக்குச் சம்பள விடுப்பு கிடைத்தால் அது சில மாநிலச் சட்டங்களின் தயவு, அல்லது சங்கம் பேசி வாங்கிய ஒப்பந்தம். ஆகவே ஒரே வகை விமானத்தை ஓட்டும் இருவருக்கு இருவேறு விடுப்பு. சிறிய நிறுவனத்தில் தொடங்கி பெரியதற்குத் தாவுவது அங்கே வழக்கம். தாவியதும் பணிமூப்பு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முப்பதை ஒட்டிய வயதில், பணிமூப்புப் பட்டியலின் அடிமட்டத்தில், தனக்கு வேண்டிய நாட்களைக் கேட்டு வாங்க முடியாத நிலையில்தான் பலரும் பெற்றோராகிறார்கள். இதைக் கணக்கில் கொள்ளாமல் வாரங்களின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை.

2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், பாலூட்டும் தாய்மாருக்குப் பணியிடத்தில் இடைவேளையும் தனியிடமும் பெறும் உரிமையைப் பல லட்சம் பேருக்கு விரிவாக்கியது. விமானக் குழுவினருக்கு அதில் வெளிப்படையாக விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.