காவடியில் வந்த சோறு: பினாங்குத் துறைமுகமும் நம் முன்னோரும்

பினாங்குக்குப் பயணம் புறப்படும் குடும்பத்தார் நம்மிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். தங்குமிடத்துக்கு அருகில் பள்ளிவாசல் இருக்கிறதா? பிள்ளைகளுக்கு ஹலாலான சாப்பாடு எங்கே கிடைக்கும்? தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் ஒரே தெருவில் விடை சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் பிட் தெரு என்றும் இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்றும் வழங்கும் அந்தத் தெருவில் பள்ளிவாசலும் உண்டு, அதன் மதிலை ஒட்டியே சோற்றுக்கடையும் உண்டு. அவ்விரண்டும் அருகருகே அமைந்தது எப்படி என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம். அது நம் சமூகம் தன் பேரப்பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்லாத கதை.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அத்தீவில் கொடியேற்றினார். நம்மவருக்கோ அக்கடல் அப்போதே பழகிய கடல். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து மரைக்காயர்களின் கப்பல்கள் துணிமணிகளோடு கெடாவுக்கும் அச்சேவுக்கும் சென்று வந்துகொண்டிருந்தன. புதிய துறைமுகம் திறந்ததும் அந்தப் போக்குவரத்தில் ஒரு பகுதி அங்கே திரும்பியது. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வருவதாகவும், வியாபாரமோ கூலி வேலையோ செய்து கொஞ்சம் வெள்ளி சேர்ந்ததும் ஊர் திரும்புவதாகவும், அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வருவதாகவும் 1790களில் லைட்டே எழுதியிருக்கிறார். ‘சூலியா’ என்று அவர் குறித்தது இவர்களையே. நகரத்தின் முதல் தெருக்களுள் ஒன்று இன்றும் சூலியா தெருதான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. அதற்கு முன்னின்ற காதர் முஹ்யித்தீன் அவர்களையே கம்பெனி தென்னிந்திய முஸ்லிம்களுக்குக் கப்பித்தானாக, அதாவது தலைவராக, ஏற்றிருந்தது. பள்ளிக்கென ஏறத்தாழ 18 ஏக்கர் நிலமும் வழங்கப்பட்டது. தொழுகைக்கு மட்டும் அவ்வளவு நிலம் வேண்டியதில்லை. பள்ளியைச் சுற்றி வீடுகள் எழுந்தன, கடைகள் வந்தன, கப்பலிலிருந்து இறங்கியவனுக்குப் பாய் விரித்துப் படுக்க இடம் கிடைத்தது. (‘கெலிங்’ என்ற சொல் இன்று மலேசியாவில் இழிசொல்லாகக் கருதப்படுகிறது. கலிங்கத்திலிருந்து வந்த பழம்பெயர் என்பர். பள்ளியின் பெயரில் அது மதிப்போடு நிற்கிறது. வெளியே எவரையும் அப்படி அழைத்துவிடாதீர்கள்.)

இனி, அந்த நிலத்தில் பசித்திருந்தவன் யார் என்பதைப் பார்ப்போம். நம் வீடுகளில் பினாங்குப் பாட்டனார் என்றால் தலைப்பாகை கட்டிய வணிகராகவே காட்டப்படுகிறார். கப்பல் உடையவர், நகைக்கடை வைத்தவர், பணம் மாற்றும் தொழில் செய்தவர் எல்லாரும் இருந்தது உண்மை. ஆனால் அவர்களுள் ஒருவருக்கு எதிரே, மூட்டை சுமந்தவர்களும் தோணி தள்ளியவர்களும் மிகப்பலர் இருந்தனர். பெரிய கப்பல்கள் அன்று கரையை ஒட்டி வரவில்லை. நடுநீரில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரைசேர்த்து, முதுகில் ஏற்றிக் கிட்டங்கியில் அடுக்க வேண்டும். வெல்ட் கீ என்னும் கடற்கரைச் சாலையில் விடியுமுன்னே தொடங்கும் வேலை அது. சுற்றிலும் இருந்த உணவுக்கடைகள் பெரும்பாலும் சீனர்களுடையவை. அவற்றில் நம்மவன் உண்ண முடியாது. சமைத்துப் போட மனைவியும் அருகில் இல்லை. அவள் ஊரில் இருக்கிறாள். சபுராளி என்று பேரெடுத்த கணவனின் கடிதத்துக்காக அங்கே காத்திருக்கிறாள்.

இந்த இடைவெளியில்தான் தோளில் தண்டு சுமந்த ஒருவர் வந்தார். பெரும்பாலும் இராமநாதபுரம் சீமையின் கடலோர ஊர்க்காரர். தண்டின் ஒரு முனையில் சோறு, மறுமுனையில் மீன் குழம்பும் மற்றக் கறிகளும். நம்மூர்க் காவடி போலத் தோளில் சமன்செய்து துறைக்குக் கொண்டுபோய், மரத்தடியில் இறக்கி, வாழையிலையில் பரிமாறினார். மலாய் மொழியில் ‘நாசி’ என்றால் சோறு, ‘கண்டார்’ என்றால் தோள்தண்டில் சுமப்பது. இன்று உலகமெங்கும் பினாங்கின் அடையாளமாக அறியப்படும் ‘நாசி கண்டார்’ அவ்வளவே: ஒரு முஸ்லிம் கூலித் தொழிலாளிக்கு இன்னொரு முஸ்லிம் தொழிலாளி சுமந்து வந்த ஹலாலான சோறு.

ஒருவர் தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை உண்டதில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் தம் கைத்தொழிலைக் கொண்டே உண்டார்கள் என்றும் நபிகளார் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. மதரசாவில் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொல்கிறோம். ஆனால் ‘உன் பாட்டனார் பினாங்கில் என்ன செய்தார்?’ என்று அதே வகுப்பில் கேட்டால், ‘பிசினஸ்’ என்ற சொல்லுக்கு மேல் பிள்ளையிடம் விடை வருவதில்லை. தண்டு சுமந்ததை வீட்டார் சொல்லியிருக்க மாட்டார்கள். நபிமார்களின் உழைப்பை மிம்பரில் புகழ்ந்துவிட்டுப் பாட்டனாரின் உழைப்பை வீட்டில் மறைக்கிறோம். இதில் ஏதோ பிழை இருக்கிறது.

‘மாமாக்’ என்ற சொல்லின் கதையும் இதோடு சேர்ந்தது. மாமா என்று நாம் உறவு சொல்லி அழைத்ததைக் கேட்ட மலாய்க்காரர்கள், சோறும் தேநீரும் விற்ற நம்மவர் அனைவரையும் மாமாக் என்றனர். அன்பான சொல்லாகத்தான் தொடங்கியது. பிறகு சிலர் வாயில் ஏளனமாகவும் மாறியது. இன்று மலேசியாவில் எல்லா இனத்தாரும் நள்ளிரவில் கூடும் இடத்துக்கே ‘மாமாக் கடை’ என்று பெயர்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். காம்பெல் தெருவில் உள்ள ஹமீதியா 1907ஆம் ஆண்டிலிருந்து நடப்பது. நாசி கண்டார் கடைகளுள் மிகப் பழையது என்ற பெயர் அதற்கே. அங்கே முர்த்தபாவும் கிடைக்கும். ‘முதப்பக்’ என்ற அரபுச் சொல்லுக்கு மடித்தது என்று பொருள். எமன் தேசத்திலும் அப்பெயரில் ஒரு பலகாரம் உண்டு. பினாங்கு ரோட்டில், இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட சந்துக்குள் லைன் கிளியர் என்ற கடை இயங்குகிறது. இடவசதி எதிர்பார்க்க வேண்டாம். பள்ளிவாசலை ஒட்டிய கடைக்கு ‘பெராத்தூர்’ என்றே பெயர். வரிசையில் நிற்பது என்று பொருள். அது இரவில் பத்து மணிக்கு மேல் திறக்கும் கடை. இஷாத் தொழுதுவிட்டுச் சற்று ஓய்ந்து போனால் சரியாக இருக்கும். காலைப் பசிக்கு டிரான்ஸ்பர் ரோட்டின் ஓரத்தில் ரொட்டி சானாய், அதாவது நம் பரோட்டாவின் உடன்பிறப்பு, மாட்டுக் குழம்போடு கிடைக்கும். சென்னை என்பதே சானாய் ஆயிற்று என்று நம்மவர் பெருமை பேசுவதுண்டு. மலாயில் மாவை உருட்டித் தேய்ப்பதற்கே அப்பெயர் இருக்கும்போது அந்தப் பெருமைக்குத் தேவையில்லை.

ஒரு தட்டில் நான்கைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவதே நாசி கண்டாரின் சிறப்பு. ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளம். அச்சொல்லைச் சொன்னால் சோறு மூழ்கும்வரை ஊற்றுவார்கள். மீன் சினையும் கணவாயும் விலை கூடியவை. கேட்காமல் வாங்கிவிட்டுக் கணக்குப் பார்க்கும்போது திகைக்க வேண்டாம். வெண்டைக்காயும் உப்பு முட்டையும் ஒரு கோழித்துண்டும் போதும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்கும் சுன்னத்தைப் பேணுவது இந்தக் கடைகளில் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

குடிப்பதற்குத் தே தாரிக். பால் தேநீரை உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுவது. நம்மூர் டீ மாஸ்டர் செய்வதுதான். வெயிலுக்கு ஜாதிக்காய்ச் சாறு குடித்துப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் போடப்பட்டதன் எச்சம் அது. மாலையில் கடற்கரைத் திடலில் பசெம்பூர் உண்ணலாம். இறால் வடையும் வெள்ளரியும் அரிந்து போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் கெட்டியாக்கிய இனிப்புக் காரக் குழம்பை ஊற்றித் தருவார்கள். ரொட்டி பெங்காளி என்ற பருத்த ரொட்டியும் நம்மவர் அடுமனையில் பிறந்தது. வங்காளிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை, தொழிலில் பங்குதாரர்களாக இருந்த ‘பங்காளி’களே அச்சொல்லுக்கு மூலம் என்று சொல்வோர் உண்டு.

இவையெல்லாம் தடையின்றித் தொடர்ந்து வந்தவை அல்ல. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசின. 1945வரை நீடித்த ஆக்கிரமிப்பில் அரிசி அரிதாகி மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள். சோறு விற்றவர்களுக்கே சோறு இல்லை. கப்பல் நின்றது, கடிதம் நின்றது. கணவன் இருக்கிறானா என்று தெரியாமல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளைக் கழித்த பெண்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். கணவன் காணாமற்போன பெண்ணின் சட்டம் அவர்களுக்குக் கிதாபில் படித்த பாடமாக இருக்கவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானதும் பலர் ராஜுலா கப்பலில் ஊர் திரும்பினர். துறைமுகப் பணிகள் அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு நகர, தோணிகளும் மூட்டைத் தூக்குவோரும் மறைந்தனர். தண்டு சுமந்தவர்கள் அதற்குள் கடைக்குள் அமர்ந்துவிட்டிருந்தனர்.

பள்ளிவாசலின் வக்ஃபு நிலமும் சுருங்கியது. 1905இல் வந்த சட்டத்தின்கீழ் ஆங்கிலேய அரசு அமைத்த வாரியம் அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. பள்ளியைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டுச் சாலைகளும் கடைவீடுகளும் வந்தன. இன்று நாம் காணும் கோபுரமும் வெங்காயக் குவிமாடமும் அக்காலத்துத் திருப்பணியே. பின்னர் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டின் முடிவோடு நீங்கியபோது நகரின் நடுவில் எளியவர்கள் குடியிருப்பது அரிதாயிற்று. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரைச் சேர்த்தது. பயணிகள் பெருகினர். கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. அவற்றில் வாழ்ந்தவர்கள் பலர் இன்று அங்கே இல்லை.

நாம் சென்றிருந்த ஓர் இரவில் பள்ளிக்கு அருகே வரிசையில் நின்றோம். குழம்பு ஊற்றிய இளைஞர் நம் தொப்பியையும் பேச்சையும் கவனித்து, “ஆலிம்சா, ஊரு எது?” என்றார். இராமநாதபுரத்துப் பக்கத்துப் பிள்ளை. வந்து மூன்று ஆண்டுகள் ஆகிறதாம். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் முதல் இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிட்டதாம். பாட்டனாரும் இதே ஊரில் வேலை செய்தவர் என்றார். என்ன வேலை என்று கேட்டோம். “ஏதோ வியாபாரம்னு உம்மா சொல்லும்” என்றார்.

நமக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்ததால் மேலே பேச முடியவில்லை. நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று மட்டும் கேட்டோம். “சட்டி கழுவி முடிச்சு, சுபுஹுக்குக் கொஞ்சம் முந்தி. ரசம் வச்சுக்குவோம், ஆலிம்சா. இந்தக் குழம்பெல்லாம் எங்களுக்கு ஒத்துக்காது” என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் தட்டை வாங்கினார்.