விடியலை அறிவித்த பார்வையற்றவர்

பார்வையற்ற பிள்ளையை வீட்டினுள்ளேயே வைத்திருப்பதுதான் பாசம் என்று கருதும் பெற்றோர் கொடகவெல போன்ற நமது ஊர்களிலும் இருக்கக்கூடும். அவர்கள் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

மக்காவில் குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளை, மார்க்கம் கற்க வந்தவர்கள் அவர்கள். அல்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமாகிய ‘அபஸ’வின் ஆரம்ப வசனங்கள் அவர்கள் பொருட்டே அருளப்பெற்றன. செல்வாக்குடைய சீமான்களைவிட, கற்கும் ஆவலோடு வந்த பார்வையற்றவருக்கே முதலிடம் என அவை உணர்த்தின.

மதீனாவில் அவர்களுக்குக் கிடைத்த பொறுப்போ இன்னும் வியப்புக்குரியது. பிலால் (ரழி) அவர்கள் இரவிலேயே பாங்கு சொல்வார்கள்; அதன் பின்னரும் நோன்பு நோற்போர் உண்ணலாம். இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் குரல் எழுந்தால் ஸஹர் முடிந்தது. விடியலைக் காண இயலாதவர் எவ்வாறு விடியலை அறிவித்தார்கள்? ஸுபஹு ஆகிவிட்டதெனப் பிறர் சொல்லக் கேட்டே அவர்கள் பாங்கு சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பிறர் துணை தேவைப்பட்டும் அப்பதவி அவர்களிடமே இருந்தது! துணை நாடுவதை இழிவென எண்ணுவோர் இதனைக் கூர்ந்து நோக்குக.

நபியவர்கள் வெளியூர் சென்ற பல சந்தர்ப்பங்களில் மதீனாவின் பொறுப்பை ஏற்றுத் தொழுகை நடத்தியவர்களும் அவர்களே. இயலாதோர் போருக்குச் செல்லாதிருக்கச் சலுகை அருளப்பட்டதும் அவர்கள் முறையிட்டதன் பேரில்தான். ஆயினும், கி.பி. 636ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த காதிஸிய்யாப் போரில் கவசமணிந்து கொடி தாங்கி நின்றார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.