விமானிப் பணிக்கான தகுதிகளும் விமானிப் பற்றாக்குறையும்

இந்தியாவில் விமானிகள் போதவில்லை என்றும், உரிமம் பெற்றவர்கள் வேலையின்றி இருக்கின்றனர் என்றும் ஒரே காலத்தில் செய்திகள் வருவதுண்டு. இரண்டும் உண்மையே. உரிமம் பெறுவதற்கான தகுதிக்கும் விமான நிறுவனங்கள் தேடும் அனுபவத்திற்கும் உள்ள இடைவெளியே இதற்குக் காரணம்.

தொடக்க காலம்

1929 பிப்ரவரியில் ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1930இல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கப்பட்டது. 1932 அக்டோபரில் டாட்டாவின் அஞ்சல் விமானச் சேவை கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வந்தது. இத்தகைய கிளப்புகளே அக்காலத்தில் விமானிகளை உருவாக்கின.

இரண்டாம் உலகப் போரின்போது உளுந்தூர்ப்பேட்டையில் ஆங்கிலேய அரசு ஓர் ஓடுதளம் அமைத்தது. போருக்குப் பின் அது கைவிடப்பட்டது. 1993 முதல் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது.

தகுதிகள்

வணிக விமானி உரிமம் பெற 18 வயதும், மருத்துவத் தகுதியும், 200 மணி நேரம் பறந்த அனுபவமும் வேண்டும். வானிலையியல், வழிகாணல், விமான விதிகள் முதலிய தேர்வுகளிலும் தேற வேண்டும். முன்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானதாக இருந்தது. 1990களின் நடுப்பகுதி முதல் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் கட்டாயமாயின.

இந்த உரிமத்துடன் துணை விமானியாகவே சேர முடியும். அதற்கும் ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமான வகைக்கான தனிப் பயிற்சி தேவை. தலைமை விமானியாக உயர 1,500 மணி நேர அனுபவம் கோரும் உயர்நிலை உரிமம் வேண்டும்.

பற்றாக்குறை

2003இல் ஏர் டெக்கான், 2005இல் ஸ்பைஸ்ஜெட், 2006இல் இண்டிகோ எனப் புதிய நிறுவனங்கள் வந்தபோது அனுபவமிக்க தலைமை விமானிகள் போதாமல் வெளிநாட்டவர் அமர்த்தப்பட்டனர். 2011இல் சிலர் போலி மதிப்பெண் சான்றுகளைக் காட்டி உயர்நிலை உரிமம் பெற்றது வெளியானது. கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் பறப்பதை நிறுத்தியபோது அனுபவமுள்ளவர்களும் வேலை தேடினர். புதியவர்களின் நிலை மேலும் கடினமாயிற்று.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாணவருக்கு முதல் வாயில் பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடப்பிரிவு. வேறு பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியலும் கணிதமும் எழுதித் தேறலாம். பயிற்சிக்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும். எனவே நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ பணம் கட்டுவதற்கு முன் மருத்துவத் தகுதியை உறுதிசெய்துகொள்வது நல்லது. உரிமச் செலவோடு விமான வகைப் பயிற்சிச் செலவையும், வேலைக்குக் காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.