ஊவாவின் கடைத்தெருக்கள்



சிங்கப்பூருக்கோ பாங்கொக்குக்கோ செல்லும் உல்லாசப் பிரயாணி, வந்திறங்கிய அன்றே கடைத்தெரு எங்கேயென்று விசாரிக்கிறான். அவனுக்குக் கடைத்தெரு என்பது ஒரு காட்சி, ஒரு பொழுதுபோக்கு. ஊவா மலைத்தோட்டங்களிலிருந்து பதுளைக்கு இறங்கிவந்த மக்களுக்கோ அது வேறொரு பொருளுடையதாயிருந்தது. தன் உழைப்பின் பயனைத் தன் விருப்பப்படி செலவிடும் உரிமை ஒரு தொழிலாளிக்கு உண்டா, இல்லையா என்ற வினாவுக்கு அங்கேதான் விடை கிடைத்தது. அவ்விடையின் வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

பதுளை பழமையான நகரம். முத்தியங்கணை விகாரையும் கதிர்காமத் தேவாலயமும் அதன் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. ஆனால் நாம் இன்று காணும் வணிக நகரம் தோட்டங்களோடு வளர்ந்ததாகும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிப் பயிர் ஊவா மலைகளில் பரவியது. தமிழகத்திலிருந்து கூலிகளாக அழைத்துவரப்பட்டோர் காடுகளை வெட்டித் தோட்டங்களாக்கினர். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையைத் தாக்கும் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். ஊவாத் தேயிலையின் புகழ் உலகின் கடைகளுக்கெல்லாம் சென்றது. அத்தேயிலையைப் பறித்தவர்கள் எந்தக் கடைக்குச் செல்ல முடிந்தது?

ஆதியில் அவர்களுக்குத் தெரிந்த கடை ஒன்றே. அது தோட்டத்துக் கடை. பெரிய கங்காணியோ அவருடைய உறவினரோ அதனை நடத்துவது பெருவழக்கு. உப்பு, மிளகாய், கருவாடு, வெற்றிலை, புகையிலை, துணி ஆகியவை அங்கே கடனாகக் கிடைக்கும். கையில் காசின்றி வாங்குவதால் விலை கேட்கும் வலிமை வாங்குவோனுக்கு இல்லை. அரிசியைத் தோட்ட நிருவாகமே வழங்கி, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. மலைக்குளிருக்கு இன்றியமையாத கறுப்புக் கம்பளியின் விலையும் அவ்வாறே கழிக்கப்பட்டது. சம்பளமோ மாதக்கணக்கில் பின்தங்கியே வரும். அதுவும் பல தோட்டங்களில் கங்காணியின் கைவழியாகவே வரும். ஊரிலிருந்து அழைத்துவந்தபோது கொடுத்த முற்பணமும் கடைக்கடனும் சேர்ந்து, செக்ரோலில் பெயர் பதிந்த நாள் முதலே தொழிலாளியைக் கடனாளியாக்கின.

இக்கடனின் வலிமையை விளக்க ‘துண்டு’ என்னும் ஒரு சொல் போதும். ஒரு தோட்டத்துத் துரை, தம்மிடமுள்ள கூலிகளின் கடன் இவ்வளவு என்றும், அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகவும் எழுதிக் கொடுக்கும் கடிதமே துண்டு. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறொரு துரையிடம் செல்வார். அவர் பணம் கொடுத்தால் கடனும், கடனோடு சேர்ந்து குடும்பங்களும் அத்தோட்டத்துக்கு இடம்பெயரும். கடையில் உப்பும் துணியும் வாங்கியவன் இவ்விதமாகத் தானே கைமாறும் பொருளானான். இம்முறையை 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலிக்கும் அரிசி விலைக்கும் ஓர் ஒழுங்கை வகுத்தது.

இதே காலத்தில் புகையிரதமும் வந்து சேர்ந்தது. 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் எட்டிய பாதை, பள்ளத்தாக்குகளையும் பாறைகளையும் கடந்து 1924இலேயே பதுளையை அடைந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக் கீழே செல்லும் வளையமும் அப்பெருமுயற்சியின் சின்னங்கள். அதுவரை கரத்தைகளில் மாடுகள் இழுத்துவந்த அரிசி மூட்டையும் துணிப்பொதியும் இனிக் கொழும்பிலிருந்து நேரே வந்திறங்கின. பதுளையின் பஜார் வீதி செழித்தது. தமிழகத்து வணிகரும் முஸ்லிம் வணிகரும் சிங்கள வணிகரும் அருகருகே கடை விரித்தனர். பசறை, லுணுகலை, ஹாலிஎல, வெலிமடை ஆகிய ஊர்களிலும் சிறு கடைவீதிகள் எழுந்தன.

சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் லயங்களிலிருந்து மக்கள் வரிசையாக நகரத்துக்கு இறங்குவர். புடைவைக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, அடகுக்கடை, தேநீர்க்கடை ஆகிய யாவும் அன்று நிறைந்திருக்கும். தீபாவளிக்கு முன்னரோ கூட்டம் சொல்லி முடியாது. பலருக்கு அந்நகை சேமிப்பு வங்கியாகவே பயன்பட்டது. நல்ல மாதத்தில் நகைக்கடையில் வாங்கியது, நோய்வந்த மாதத்தில் அடகுக்கடைக்குச் செல்லும். இங்கும் ஒரு குறையைச் சொல்லாது விடலாகாது. கொழுந்து பறித்தவள் பெண்ணாயினும், அவள் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கள்ளுக்கடையின் பங்கு போக எஞ்சியதே பல வீடுகளில் அரிசிக்கும் துணிக்கும் ஆயிற்று.

1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே அங்கிருந்து வந்த அரிசி நின்றது; பங்கீட்டு முறை வந்தது. சொந்த வயல் இல்லாத தோட்ட மக்கள் கடை அரிசியையே முற்றாக நம்பி வாழ்பவர் என்பது அப்பொழுது புலனாயிற்று. அதன் கொடிய விளைவு 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் வெளிப்பட்டது. கிராமத்தானுக்குப் பலாவும் கிழங்கும் தன் நிலத்தில் உண்டு. லயத்து அறைக்கு முன்னால் இருப்பதோ கம்பனியின், பின்னர் அரசாங்கத்தின் தேயிலை. தோட்டங்களில் இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது.

இதற்கிடையே குடியுரிமையின் துயரமும் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. புறப்பட்ட குடும்பங்கள் பாத்திரங்களையும் துணிகளையும் பெட்டியிற் கட்டிக்கொண்டு, மலைநாட்டார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்த வண்டியில் ஏறித் தலைமன்னாரை நோக்கிச் சென்றன. பழகிய கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பெயர்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டன. நாடற்ற நிலை முற்றிலும் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எஞ்சிய வணிகர்க்கும் ஒரு நாள் வந்தது. 1983 யூலை 27ஆந் தேதி நண்பகலில், அதுவரை அமைதியாயிருந்த பதுளை நகரின் கடைவீதிக்குள் ஒரு கும்பல் புகுந்து, தமிழர் கடைகளைத் தீக்கிரையாக்கியது. தீ பின்னர் வீடுகளுக்கும் பரவியது. தலைமுறைகளாக மூன்று மொழிகளிலும் விலை பேசிய வீதி ஒரு பகற்பொழுதில் சாம்பலாயிற்று. நகரம் மீண்டும் எழுந்தது, கடைகளும் எழுந்தன. எரிந்த கட்டடத்தைப்போல் எரிந்த நம்பிக்கையை விரைவிற் கட்ட முடிவதில்லை.

இன்று எல்லவிலும் அப்புத்தளையிலும் அயல்நாட்டார் திரளாக வந்து இறங்குகின்றனர். ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு களித்து, அழகிய பெட்டிகளில் அடைத்த ஊவாத் தேயிலையை வாங்கிச் செல்கின்றனர். அது நன்றே. ஆயினும் அத்தேயிலையைப் பறித்த குடும்பத்தின் அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் தூள் தேயிலையே. பெட்டியை வாங்கும் அன்பர், அதன் விலையில் கொழுந்து பறித்த கைக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கடைக்காரரை ஒருமுறை வினவுவாராயின், ஊவாவின் வரலாற்றில் பாதியை அவர் அங்கேயே அறிந்துகொள்வார்.

கடனுக்கு வாங்கியவன் கடனோடு கைமாறினான். காசுக்கு வாங்கியவன் தலைநிமிர்ந்து விலை பேசினான். தோட்டத்துக் கடையிலிருந்து பதுளைப் பஜார் வீதிவரையுள்ள தூரம் சில மைல்களே. அதனைக் கடப்பதற்கு ஒரு சமூகத்துக்குப் பல தலைமுறைகள் சென்றன. அந்நடையின் அருமையை, அடுத்தமுறை நாம் சில்லறையை எண்ணிக் கொடுக்கும்போதாவது நினைத்தல் தகும்.