சாணைக்கல்லில் கரைந்த மூச்சு

கையளவே உள்ள சிறு கருவி. எனினும், ஒரு நகரத்து உழைப்பாளரின் வரலாறே அதனுள் மடிந்து கிடக்கின்றது. அதுவே மடக்குச் சவரக்கத்தி.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு அருகே, பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரக் கலைஞர் 1740-களில் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். கடிகாரச் சுருள்வில்லுக்காகப் பிறந்த அவ்வெஃகு, சவரக்கத்திக்கும் உயிரூட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் சாணையாளர்கள் கத்தியின் இரு பக்கங்களையும் சுழலும் கல்லில் குடைந்தெடுத்தனர். முதுகு தடித்து நிற்க, வாய் காகிதம்போல் மெலிந்தது.

அந்த மென்மைக்குக் கொடுத்த விலை என்ன? மணற்கல்லின் தூளும் எஃகுத் தூளும் அவர்தம் நுரையீரலைத் தின்றன. உலர் கல்லில் சாணை பிடித்தோர் சராசரியாக 35 வயதைக் கூட எட்டுவதரிது. நீர்க்கல்லில் பிடித்தோர் 45-ஐக் கடப்பதரிது என்று 1845-இல் வெளிவந்த தமது நூலில் எங்கெல்ஸ் குறிப்பிடுகின்றார். சவரக்கத்திச் சாணையாளரோ இரு முறைகளையும் கையாண்டவர்கள்!

1903-இல் ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக் கருவி விற்பனைக்கு வந்தது. மாற்றத்தக்க அலகுகள் பரவப் பரவ, பழைய கத்திகள் பெட்டிக்குள் உறங்கலாயின. இன்று அவற்றை வீட்டிலேயே சாணை பிடித்துப் புதுப்பிப்போர் உளர். துருவின் குழிகளையும் வாயின் பிளவுகளையும் நீக்க, மின்விசையால் ஓடும் உராய்வுப் பட்டையில் அவர்கள் பக்கங்களை மீண்டும் குடைகின்றனர். முதுகை மட்டும் தேய விடுவதில்லை. தீட்டுகையில் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிவதால், தீட்டும் கோணத்தை நிறுவுவது முதுகே.

அவர்களுக்கும் அதே இரு பகைகள்: வெப்பமும் தூசியும். மெலிந்த வாய் நொடிப்பொழுதில் சூடேறும்; ஏறத்தாழ 300 செல்சியஸ் பாகையில் நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போயிற்று. ஆகவே உறையணியாத விரலால் சூட்டை உணர்ந்து, அடிக்கடி நீரில் தோய்க்கின்றனர். நீர் எஃகின் பதத்தைக் காக்கும். எழும் தூசியை ஓரளவே அடக்கும். நீர்க்கல்லின் முன் அமர்ந்தவரையும் அது முதுமை வரை காக்கவில்லையே! எனவே மூச்சுக்கவசமின்றிச் சாணையின் முன் அமர்தல் ஆகாது.

பழைய கத்தியைப் புதுப்பிப்பது நற்செயலே. ஆனால், அதை முதன்முதல் குடைந்தவன் இழந்த மூச்சை மறந்து புதுப்பித்தால், கத்தி கூர்மை பெறலாம். நம் அறிவு பெறாது.