முற்று

முற்று: விளைச்சல், முழுமை, முடிவு ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறிக்கும் தமிழ்ச் சொல். வயலில் இன்றும் அதன் முதற்பொருள் உயிரோடு இருக்கிறது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சரிவுகளில் மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமையையே எடுத்துக்கொள்ளலாம். மணியை நகத்தால் அழுத்தினால் பால் பிதுங்கும் வரை கதிர் முற்றவில்லை. அப்போதே அறுத்தால் பதர்தான் மிஞ்சும். முற்றிய பின்னும் விட்டுவைத்தால் மணி கொட்டிப்போகும்.

முழுமையைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லான ‘ஹோல்’ வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹால்’. நோய் நொடியில்லாத, ஊனமற்ற உடல் என்று பொருள். குணமாவதைக் குறிக்கும் ‘ஹீல்’, உடல்நலமான ‘ஹெல்த்’, புனிதமான ‘ஹோலி’ எல்லாம் அதன் உறவுகள். எழுத்தில் அதன் தலையில் நிற்கும் ‘டபிள்யூ’ 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒட்டிக்கொண்டது. வடமொழியின் ‘அகிலம்’ நமக்கு இன்னும் அருகில் வருகிறது: ‘கிலம்’ என்பது விளைநிலங்களுக்கு நடுவே கிடக்கும் தரிசு. அந்த இடைவெளி இல்லாததே அகிலம்.

முற்று என்ற சொல்லின் அருமை இலக்கணத்தில்தான் முழுதாகத் தெரியும். ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் எட்டுப் பொருள்களில் முற்றும் ஒன்று. ‘மூவர் வந்தனர்’ என்றால் வந்தவர் தொகை மட்டும் தெரியும்; ‘மூவரும் வந்தனர்’ என்றால் வரவேண்டியவர் ஒருவரும் மிச்சமில்லை. இந்த முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று தொல்காப்பியர் பின்னர் ஒரு நுட்பம் சொல்கிறார். ‘பத்துப் படிச் சாமையையும் கொடுத்துவிடாதே’ என்று சொன்னால், சில படி கொடுக்கலாம் என்ற இசைவு அதற்குள்ளேயே இருக்கிறது. அன்றாடப் பேச்சை இவ்வளவு கூர்ந்து கேட்ட காது வியப்புக்குரியது.

வினைமுற்று, முற்றுமோனை ஆகியவை இலக்கணக் கிளைகள். ஊரை நாற்புறமும் வளைப்பது முற்றுகை. நிலத்தின் முழு அனுபவ உரிமை முற்றூட்டு.

ஏடெழுதியோர் நூலின் கடைசியில் ‘முற்றிற்று’ என்று எழுதினர். வாக்கியத்துக்கு வாக்கியம் புள்ளி வைக்கும் வழக்கம் அன்று இல்லை. ஐரோப்பியர் வழியாக வந்த அந்தக் குறிக்கும் பிறகு இதே சொல்லால்தான் பெயர் அமைந்தது: முற்றுப்புள்ளி.