முகத்துக்கு எத்தனை அடி தூரம்?

என் தாயாரின் ஊர் பொட்டிப்புரம். தேனி ஜில்லாவில் மேற்கு மலைகளின் அடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். 2015 ஜனவரியில், அங்குள்ள மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய மந்திரி சபை அனுமதி அளித்தது. ஆதரவும் எதிர்ப்புமாக ஊர் அமர்க்களப்பட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நானும் ஒரு காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

மலை முழுவதும் படத்துக்குள் அடங்க வேண்டுமே என்று 28 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டுபோயிருந்தேன். மலை நன்றாகவே விழுந்தது. திரும்பும்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவையும் ஒரு படம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று, ஓர் அடி தூரத்துக்கு நெருங்கிப்போய் எடுத்தேன்.

பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது! மூக்கு மட்டும் முந்திக்கிட்டு நிக்குது. என்னைக் காணோமே?” என்றாள்.

நான் சிரித்தேன். இரண்டு வருஷத்தில் அவள் போய்விட்டாள். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் தேடினோம். நான் எடுத்ததை யாரும் விரும்பவில்லை. கடைசியில் வாக்காளர் அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். கண் எது, நிழல் எது என்று தெரியாத அந்தப் படம்தான் இன்றைக்கும் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்றவுணர்வு. அந்த உறுத்தலில்தான் இந்த லென்ஸ் விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

1839-ல் பாரிஸில் டாகர் தமது புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது, அவர் காமிராவிலிருந்த லென்ஸ் மிகச் சொற்ப வெளிச்சத்தையே உள்ளே விட்டது. கட்டிடம் நிமிஷக் கணக்கில் அசையாமல் நிற்கும், மனிதன் நிற்பானா? மறு வருஷமே வியன்னா சர்வகலாசாலையின் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் இதற்கு விடை கண்டார். கணக்குப் போடுவதில் தேர்ந்த பீரங்கிப் படை வீரர்கள் சிலரை உதவிக்கு வைத்துக்கொண்டு, நான்கு கண்ணாடிகள் சேர்ந்த ஒரு லென்ஸை வகுத்தார். அது பழையதைவிட ஏறக்குறைய 16 மடங்கு வெளிச்சத்தை வாங்கியது. வோய்க்லாண்டர் என்ற வியன்னாக்காரர் அதைச் செய்து விற்றார். நடுவில் கூர்மை, ஓரங்களில் மங்கல் என்பது அந்த லென்ஸின் குணம். ஓரம் மங்கினால் என்ன? நடுவில்தானே முகம் இருக்கிறது! மனித முகத்துக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த முதல் லென்ஸ் அதுதான்.

அந்த வகை லென்ஸ் ஒன்றுடன் 48-வது வயதில் படம் பிடிக்கத் தொடங்கினாள் ஒரு சீமாட்டி. பெயர் ஜூலியா மார்கரெட் காமரூன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவள். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். அதன் லென்ஸுக்குக் குவிதூரம் 12 அங்குலம். 1866-ல் பெரிய காமிராவும், டால்மேயர் கம்பெனியின் 30 அங்குல லென்ஸும் வாங்கினாள்.

இந்த மாற்றத்தில்தான் ரகசியம் இருக்கிறது. முகத்தை உயிரளவுக்குப் பதிக்க வேண்டுமானால், லென்ஸ் குவிதூரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். 12 அங்குல லென்ஸ் என்றால் 2 அடி. 30 அங்குலம் என்றால் 5 அடி. முகத்தின் உருவத்தை நிர்ணயிப்பது இந்தத் தூரம்தான். காதுக்கு 5 அங்குலம் முன்னால் மூக்கு நுனி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காமிரா ஓர் அடியில் நின்றால், மூக்குக்கு 12 அங்குலம், காதுக்கு 17. மூக்கு சுமார் 42 சதவிகிதம் கூடுதலாகப் பெருத்துவிடும். ஆறடி தள்ளி நின்றால் 72-க்கு 77. வித்தியாசம் 7 சதவிகிதம்தான். நீண்ட லென்ஸ் முகத்தை அழகாக்குவதில்லை. நம்மை மரியாதையான தூரத்தில் நிற்கவைக்கிறது, அவ்வளவே. பெரியம்மா விஷயத்தில் பிழை என் காலடியில் இருந்தது.

அந்தச் சீமாட்டி விஞ்ஞானி ஹெர்ஷலை, கார்லைலை, டார்வினை, கவி டென்னிஸனைப் படம் எடுத்தாள். 1875-ல் கணவருடன் இலங்கைக்குக் குடிபோனாள். அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. நம்முடைய பழைய மதுரை ஜில்லா, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்து ஏழை ஜனங்கள் கங்காணியின் பின்னால் கப்பலேறிப் போன அதே தோட்டத் தொழில்தான். களுத்துறையில் அவள் உள்ளூர்ப் பெண்களையும் ஆண்களையும் படம் எடுத்தாள். அவர்களில் தமிழர்களும் உண்டு என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அதே வீட்டுக்கு 1877-ல் வந்த ஓவியர் மாரியன் நார்த்தையும் எடுத்தாள். நார்த்தின் பெயர் படத்தோடு நிலைத்தது. மற்றவர்களோ ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்ற தலைப்போடு சரி. 1879-ல் காமரூன் இலங்கையிலேயே இறந்தாள். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்த்தபோது என் மனம் என்னவோ செய்தது. லென்ஸ் சரி, தூரம் சரி, முகமும் கம்பீரம். ஆனால் பெயர் எங்கே? இவள் யார் வீட்டுப் பெரியம்மா?

போன பொங்கலுக்கு 85 மில்லிமீட்டர் லென்ஸுடன் பொட்டிப்புரம் போனேன். தெருவில் உள்ள வயதான பெண்களைத் திண்ணையில் உட்காரவைத்து, ஆறடி தள்ளி நின்று எடுத்தேன். “ஏய்யா, அம்புட்டுத் தூரத்துல நின்னா நான் தெரிவேனா?” என்று ஒருத்தி கேட்டாள். “தெரிவீங்க ஆத்தா” என்றேன்.

படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பேனாவால் பெயர், புருஷன் பெயர், பிறந்த ஊர், தேதி எல்லாம் அவர்களைக் கேட்டே எழுதினேன். அந்த ஆத்தா மட்டும் படத்தை உடனே வாங்கவில்லை. “எம் பேரை ஒருக்கா வாசிச்சுக் காட்டு” என்றாள். வாசித்தேன். அதன் பிறகுதான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.